கருவி சொல்வதெல்லாம் உண்மையா?



காலையில் வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காலரைப் பார்த்ததுண்டா? அதுதான் நம் திருச்செங்கோட்டின் 'ஏர் குவாலிட்டி ரிப்போர்ட்'! ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ரிக் வண்டிகளின் டீசல் புகை, போர் போடும்போது எழும் பாறைத்தூள், தறிக்கூடத்துப் பஞ்சு எல்லாம் அதில் இருக்கும். எது எவ்வளவு என்று காலர் சொல்லாது. அதற்குத்தான் கருவி.

நுண்துகளான பி.எம். 2.5, 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009-ல் வந்த தேசியத் தரம். பெரிய ஆலைகளின் புகைபோக்கியிலேயே கருவி வைத்து, அளவுகளைச் சென்னை கிண்டியில் இருந்தபடியே பார்க்கிறது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் தூத்துக்குடியில் நடந்தது என்ன? 2013 மார்ச் 23 காலை, கண்ணும் தொண்டையும் எரிகிறது என்று மக்கள் புகார் செய்தார்கள். ஸ்டெர்லைட் ஆலையின் கருவி, அன்று கந்தக டை ஆக்சைடு வரம்பு மீறியதாகக் காட்டியிருந்தது. 29-ம் தேதி ஆலையை மூட வாரியம் உத்தரவிட்டது. ஆலைத் தரப்போ, அப்போது கருவிக்குக் காலிபரேஷன் நடந்தது, அதனால்தான் எண் ஏறியது என்று வாதாடியது. மே 31-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆயிரக்கணக்கான பேரின் மூச்சும் வேலையும் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒரு கருவியின் காலிபரேஷன் விவாதப் பொருளானதே, அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

காலிபரேஷன் என்றால் பெரிய வித்தை இல்லை. மாசே இல்லாத வாயுவைச் செலுத்தினால் பூஜ்யம் காட்ட வேண்டும். அளவு தெரிந்த 'ஸ்பான் கேஸ்' செலுத்தினால் அதே அளவைக் காட்ட வேண்டும். தராசுக்குப் படிக்கல் மாதிரி.

இன்-பிளாண்ட் டிரெய்னிங் போன இடத்தில் ஆபரேட்டர் அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஸ்பான் கேஸ் தீந்து நாலு மாசமாச்சுங்க தம்பி. ஸ்க்ரீன்ல நெம்பர் வருதுல்ல, அது போதும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு, 'கருவி நன்றாக இயங்குகிறது' என்று ரிப்போர்ட் எழுதி மார்க் வாங்கினேன். இன்னும் உறுத்துகிறது.

என் கருத்து இதுதான். எண்ணை வெளியிட்டால் மட்டும் போதாது; கருவியைக் கடைசியாக எப்போது, யார் சரிபார்த்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். நம் பிராஜெக்டுக்கும் இதே விதிதான். சில ஆயிரம் ரூபாய் லேசர் சென்சார், காற்றில் ஈரம் கூடினால் தூசியையும் கூட்டிக் காட்டும். தரமான கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் 'ஊரே நாசம்' என்று சார்ட் ஒட்டுவதும் பொய்தான்.

சட்டம் போடுவது டெல்லியாக இருக்கலாம். ஆனால் கருவியின் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கப்போவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரன்தான். லாக் புக்கில் நாம் போடும் கையெழுத்தை நம்பித்தான் ஒரு ஊரே மூச்சு விடுகிறது.

சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டோம் என்று இன்றே முடிவெடுப்போம் நண்பர்களே!