தோல் உரியுதா? டென்ஷன் வேணாம்!

உங்க காலேஜ் கொய்யா மரம் செதில் செதிலா உரியுதா? நோயோனு பதறாதீங்க பாஸ்! தண்டு உள்ளேயிருந்து பருக்கும். வெளிப்பட்டை செத்த செல்கள், அதால விரிய முடியாது. அதான் வெடிச்சு உதிருது. ஒன்பதாம் கிளாஸ் பேன்ட் இப்ப உங்களுக்குப் பத்துமா? மருதம், ஊட்டி யூகலிப்டஸ் எல்லாம் இதே கேஸ்தான். உரிஞ்ச இடத்துல வழவழனு புதுப்பட்டை இருந்தா நோ பிராப்ளம்.

ஓட்டை, மரத்தூள், அழுகல் தெரிஞ்சா தோட்டக்கார அண்ணன்கிட்ட உடனே சொல்லுங்க. அதைவிட டேஞ்சர் நாமதான்! கல்ச்சுரல்ஸ் பேனருக்குச் சுத்தின கம்பியை அப்படியே விட்டுடறோம். மரம் பருக்கப் பருக்க அது பட்டையை அறுக்கும். இலை சமைச்ச சாப்பாடு உள்பட்டை வழியாத்தான் வேருக்குப் போகணும். சுத்திவர அறுந்தா வேர் பட்டினி, மரம் காலி! பேனரை இறக்கும்போது கட்டிங் பிளேயரும் கொண்டு போங்க. எலெக்ட்ரிக்கல் பசங்ககிட்ட கண்டிப்பா இருக்கும்.