தொழில் எப்போது இனமானது?

பதிவு கொஞ்சம் நீளம்தான். "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வடாம் காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். பேரனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நோட்டும் பென்சிலும் இருபது முகம் கொண்ட ஒரு பகடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். "என்னடா இது?" என்றேன். "ரோல்பிளேயிங் கேம், ஆயா. எந்தெந்த ரேஸ் வேணும்னு முடிவு பண்ணிட்டிருக்கோம்" என்றான். ரேஸ் என்றதும் ஓட்டப்பந்தயம் என்று நினைத்தேன். இல்லையாம், இனமாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஆபத்து வந்தால் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். கதை நடக்கும் உலகத்தையும் அதில் வாழும் இனங்களையும் பிள்ளைகளே உருவாக்கலாம். இவர்கள் வரைந்த வரைபடத்தில் பாலாறு (தண்ணீரோடு!), வேலூர்க் கோட்டை, ஏலகிரி, ஜவ்வாது மலை எல்லாம் இருந்தன. ஆங்கிலக் கதைகளின் எல்ஃப், ட்வார்ஃப் எல்லாம் வேண்டாம், நம் ஊர் இனங்களே போதும் என்று நாகர், இயக்கர், பூதர், ராட்சசர், ஜின் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி வரியைப் படிக்கும் வரைக்கும். "தோலர். பாலாற்றங்கரையில் தோல் உரிப்பவர்கள். பலம் கூட்டல் 2. அறிவு கழித்தல் 2. நாற்றம். தலைவர் ஆக முடியாது."

"ஆர்க் மாதிரி ஒரு கெட்ட இனம் வேணும் ஆயா, அதான்" என்றான் என் பேரன். நான்கு பேரில் ஒரு பையன் மட்டும் பேசவில்லை, பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அவன் தாத்தாவும் என் அப்பாவும் ஒரே டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள். என் பேரனுக்கு அது தெரியாது. அவனுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

இதை என் அண்ணன் மகனிடம் போனில் சொன்னேன். பெங்களூரில் இதே விளையாட்டை ஆடுகிறவன். "அத்தை, இது வெறும் விளையாட்டு. அடிக்க ஒரு எதிரி வேணுமில்ல?" என்றான். அவனுக்குப் போனில் சொன்ன பதில் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் மூதாதை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. அதன் முதல் விதிகளில் மனிதனுக்கு வளர்ச்சியில் எல்லை கிடையாது. ஆனால் குள்ளர் இனத்து வீரன் ஆறாம் நிலையோடு நிற்க வேண்டும். ஹாபிட் நான்காம் நிலையோடு நிற்க வேண்டும். எவ்வளவு தைரியம் காட்டினாலும் சரி, பிறப்பு அவ்வளவுதான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரை ஆர்க்காகப் பிறந்தால் அறிவில் இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் இல்லையா? 1953இல் இந்த மாகாணத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1954இல் காமராசர் முதல்வராக வந்ததும் அது போயிற்று. அது நீடித்திருந்தால் என் அண்ணன்மார் சுண்ணாம்புக் குழியோடு நின்றிருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போன நான் டீச்சர் டிரெய்னிங் முடித்து உங்கள் முன்னால் சாக்பீஸ் பிடித்திருக்க மாட்டேன்.

பிறப்பிலேயே கெட்ட இனம் என்பதும் வெறும் கதை இல்லை, சட்டமாகவே இருந்தது. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிவு செய், தினம் காவல் நிலையத்தில் கணக்குக் கொடு என்று கூட்டம் கூட்டமாக மனிதர்களை அலைக்கழித்தார்கள். நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952இல்தான்.

"நம் புராணத்திலேயே அசுரர்களைக் கொல்கிறார்களே டீச்சர்?" என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அசுர குலத்தில்தான் பிரகலாதன் பிறந்தான், மகாபலி பிறந்தான். கம்பன் பாட்டில் ராமன் ராட்சசனான விபீடணனைத் தன் சகோதரர்களில் ஒருவனாக எண்ணிக்கொள்கிறான். புகார் நகரத்தின் சதுக்கப் பூதம் பிடித்துத் தின்றது பொய்ச்சாட்சி சொன்னவர்களையும் ஊரை ஏமாற்றியவர்களையும். குலம் கேட்டு அது யாரையும் பிடிக்கவில்லை. ஜின் வேண்டும் என்று கேட்ட பையனுக்கும் ஒன்று சொன்னேன். குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே ஜின்தான். எங்களில் நல்லவர்களும் உண்டு, அல்லாதவர்களும் உண்டு என்று ஜின்களே அதில் சொல்கின்றன.

எல்லாவற்றையும்விட மணிமேகலையைப் பாருங்கள். கப்பல் உடைந்து சாதுவன் நாகர் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் ஆடை உடுத்தாதவர்கள், மனிதரைத் தின்பவர்கள். அவனையும் தின்ன வருகிறார்கள். ஆர்க்குக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? ஆனால் சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரியும். பேசினான். தலைவனிடம் அழைத்துப் போனார்கள். வாதம் நடந்தது. கடைசியில் அந்தத் தலைவன் கொலையை விட ஒப்புக்கொண்டு, கையில் பொருளும் கொடுத்து அனுப்பினான். அங்கே சாதுவனைக் காப்பாற்றியது வாள் இல்லை, அவன் கற்ற மொழி.

அமெரிக்காக்காரர்கள் செய்ததையும் பாருங்கள். 1977இல் வந்த தங்கள் அரக்கர் புத்தகத்தில் நம் ராட்சசனுக்குப் புலித்தலை வைத்து, கையில் புகைக்குழாய் கொடுத்து, தீயவன் என்று முத்திரையும் குத்தினார்கள். அவர்களே 2022 டிசம்பரில், இனி 'ரேஸ்' என்ற சொல் வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2024 பதிப்பில் பலம், அறிவு எண்களைக் கூட்டுவது பிறப்பை வைத்து இல்லை. ஒருவன் எங்கே வளர்ந்தான், என்ன பழகினான் என்ற பின்னணியை வைத்துத்தான். ஆர்க்கும் இப்போது நாம் எடுத்து ஆடக்கூடிய பாத்திரம். விளையாட்டு செத்துப் போய்விடவில்லையே!

எனவே இந்த விளையாட்டு ஆடும் என் பிள்ளைகளுக்கு மூன்று விதி சொல்கிறேன்.

ஒன்று, உடம்பில் வித்தியாசம் வைக்கலாம். நாகர் தண்ணீருக்குள் மூச்சு விடட்டும், இயக்கர் இருட்டில் பார்க்கட்டும். ஆனால் அறிவு, குணம், ஏறக்கூடிய உயரம், இந்த மூன்றையும் பிறப்பில் எழுதாதீர்கள்.

இரண்டு, பேசத் தெரிந்த எந்த இனத்திலும் "மாட்டேன்" என்று சொல்லி மாறக்கூடிய ஒருவனாவது இருக்க வேண்டும். எதிரி வேண்டுமா? அவன் செய்த காரியத்துக்காக எதிரியாக்குங்கள்.

மூன்று, தொழிலை இனமாக்காதீர்கள். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் அது. குழியிலிருந்து எடுக்க நேரம் வந்ததா என்பதை என் அப்பா விரலால் தொட்டே சொல்லுவார். அது அறிவில் கழித்தல் இரண்டா? நாற்றம் வேலையில் இருந்தது. குளித்தால் போயிற்று. ஊர் அவருக்கு வைத்த பெயர்தான் சாகும்வரை போகவில்லை.

இதையெல்லாம் பேரனை உட்காரவைத்துச் சொன்னேன். 'தோலர்' வரியை அவனே அழித்தான். அப்பாவின் சதை சீவும் கத்தியை இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்டினேன். ராட்சசருக்கு அறிவு கழித்தல் ஒன்று இன்னும் நோட்டில் இருக்கிறது. அதற்குச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பையன் இந்த ஞாயிறு வரவில்லை. நாளை சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். பேச வேண்டியவன் பேரன்தான், நான் துணைக்கு.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையோடு எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமலும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ஆம்பூர்