குளிரைக் காத்தல்

மின்சாரம் பாயும் பொறி வெப்பத்தை உமிழும், இஃது இயற்கை. தரவு மையங்களில் சர்வர்க் கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பெற்று, இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குகின்றன. அவை உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தை அகற்றாவிடின் கணினிகள் பழுதுறும். வங்கிக் கணக்கும் மருத்துவமனைக் குறிப்பும் கிட்டாமற்போகும். ஆதலின் குளிரூட்டல் இன்றியமையாதது. ஆயினும், குளிர் போதவில்லை எனத் தோன்றியவுடன் புதிய குளிரூட்டும் பொறிகளை வாங்கிக் குவிப்பது அறிவுடைமை ஆகுமா?

ஆகாது. பல அறைகளில் குறைவது குளிரன்று; ஒழுங்கே. கணினி முன்புறத்தே குளிர்காற்றை இழுத்துப் பின்புறத்தே வெப்பக்காற்றை வெளியேற்றுகின்றது. வரிசைகள் யாவும் ஒரே திசை நோக்கி நின்றால், முன்வரிசை விட்ட அனலே பின்வரிசைக்கு மூச்சாகும். முகத்துக்கு முகமும் முதுகுக்கு முதுகுமாக அவற்றை நிறுத்தினால், குளிர்காற்று ஓர் இடைவழியிலும் வெப்பக்காற்று மற்றோர் இடைவழியிலும் பிரிந்து செல்லும். அடுக்குகளின் வெற்றிடங்களைத் தகட்டால் மறைத்து, தரையில் கம்பிகள் நுழையும் துளைகளையும் அடைத்துவிட்டால் குளிர் வழியில் வீணாகாது. ஓட்டைக் குடத்துக்கு வேண்டுவது மேலும் நீரன்று; ஓட்டையை அடைத்தலே.

உள்ளே நுழைவோர் நடுங்குமளவு குளிர் இருந்தால்தான் கணினிக்கு நன்று எனக் கருதுவோர் உளர். ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் கழகமோ, கணினிக்குள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் எனப் பரிந்துரைக்கின்றது. காற்று கலவாதாயின் வெப்பநிலையைச் சற்றே உயர்த்தலாம். குளிரூட்டும் விசிறிகளின் வேகத்தையும் குறைக்கலாம். வேகம் பாதியானால் விசிறி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். ஆனால் வெப்பநிலையை மிகையாக உயர்த்தினால், கணினியின் உள்விசிறிகள் விரைந்து சுழன்று மிச்சத்தை விழுங்கிவிடும். அளவறிதல் வேண்டும்.

பின்லாந்து நாட்டின் ஹமினா நகரில், மூடப்பட்ட காகித ஆலை ஒன்றை கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வாங்கியது. ஆலைக்கென முன்பே அமைந்திருந்த சுரங்கவழியே கடல்நீரைக் கொணர்ந்து குளிரூட்டலுக்குப் பயன்படுத்துகின்றது. குளிர்ந்த கடல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. துளையடைக்கும் தகடோ எவர்க்கும் எளிது.

மையம் முழுவதும் செலவிடும் மின்சாரத்தை, கணினிகள் மட்டும் செலவிடும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண் ஒன்றை நெருங்க நெருங்க, வீண்செலவு குறைகின்றது என்பது பொருள். அறையை ஆள்வோர் முதலில் அளந்தறிக. பின்னர்த் துளைகளை அடைக்க. அதன்பின்னும் போதாதாயின் பொறி வாங்குக. வீணாகாமற் காத்த மின்சாரம், புதிதாய் ஆக்கிய மின்சாரத்தினும் சிறந்ததன்றோ?