தோட்ட முதலாளி... தொழிலாளிகளின் தலைவர்!

கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு... குமரி மாவட்ட அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் குடும்பங்களில் பல, இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து திரும்பி வந்தவை. ஏன் திரும்பினார்கள்? அந்தக் கதையின் நடுவே நிற்பவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1913-ல் சிவகங்கைச் சீமையில் பிறந்தவர். பிழைக்கப் போன அப்பா கருப்பையா, கங்காணியாகி, பிறகு வேவண்டன் தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். 11 வயதில் மகனும் கடல் கடந்தார். தோட்ட முதலாளியாக வளர்ந்தவர், கையில் எடுத்ததோ தொழிலாளர் சங்கம்!

1947-ல் நுவரெலியாவில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். மறு வருடமே வந்தது குடியுரிமைச் சட்டம். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து ஓட்டும் பறிபோனது.

1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்காமல் போட்ட கணக்கு இது என்று எதிர்த்தார் தொண்டமான். ஆனாலும் கப்பல்கள் கிளம்பின.

1978-ல் அமைச்சரானார். பதவியில் இருந்தபடியே 1986 பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார். காலையில் கொழுந்து பறிக்காமல் தொழிலாளர்கள் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். அரசு இறங்கி வந்தது. 1988-ல் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது.

1999 அக்டோபர் 30-ல் தொண்டமான் மறைந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 35 வருடம். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கான சட்டம் 2003-ல்தான் வந்தது. அதற்குள் கோதையாற்றில், இலங்கையையே பார்த்திராத பிள்ளைகள் ரப்பர் மரங்களோடு வளர்ந்து ஆளாகியிருந்தார்கள்.