கணக்குக் கேட்பவரை மதிப்போம்



சென்ற இதழில் வரவு செலவுத் திட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஜொகூரில் உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்; இப்போது தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். "ஏன் தம்பி, இந்த எதிர்க்கட்சிக்காரங்க எப்பப் பார்த்தாலும் குறை சொல்லிக்கிட்டே இருக்காங்களே, அரசாங்கத்த நாலு நல்லது செய்ய விடமாட்டாங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. இந்த அலுப்பு நம்மில் பலருக்கும் உண்டு என்பதால், இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

ஐயா இளைஞராக இருந்த காலத்திலிருந்தே தொடங்கலாம். ஈப்போவுக்குப் போனவர்கள் அங்குள்ள டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு தமிழர், வழக்கறிஞர், மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர். மலாயாவின் 1955 பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51 இடங்களை அலயன்ஸ் கூட்டணி அள்ளிக்கொண்டது. அப்படி அமைந்த மன்றத்துக்குள்தான் 1957 ஈப்போ இடைத்தேர்தலில் வென்று சீனிவாசகம் நுழைந்தார். 1964 தேர்தலிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தீபகற்பத்தின் 104 தொகுதிகளில் 89 அலயன்ஸுக்குப் போயின. மக்கள் முற்போக்குக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஈப்போவில் டி.ஆர்., மெங்லெம்புவில் அவருடைய சகோதரர் எஸ்.பி. சீனிவாசகம்.

இரண்டு பேரால் எந்தச் சட்டத்தையும் தடுக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும். அப்போதைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். மக்களவையில் ஊழல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். மன்றத்துக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது; கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆவது விதி தரும் பாதுகாப்பு அது. அதனால் அமைச்சர், இதையே மன்றத்துக்கு வெளியே வந்து சொல்ல முடியுமா என்று சவால் விட்டார்.

சீனிவாசகம் வெளியே வந்து சொன்னார். அதே 1964இல், பொதுமக்கள் முன்னிலையில், அதே குற்றச்சாட்டுகளைத் திரும்பவும் சொன்னார். அவர் வழக்கறிஞர். நிரூபிக்க முடியாவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பது மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அமைச்சர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், அமைச்சர் பதவியும் போயிற்று. மன்றத்தில் இரண்டே உறுப்பினர்களை வைத்திருந்த ஒரு கட்சியின் கேள்விக்கு, தீபகற்பத்திலிருந்தே 89 பேரின் பலத்தோடு இருந்த அரசாங்கத்தின் அமைச்சர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இந்தக் கதையில் பலரும் சீனிவாசகத்தின் துணிச்சலைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் கையில் இருந்த ஆதாரம். வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால் முதல் விசாரணையிலேயே அவர் கதை முடிந்திருக்கும். தேதி, பெயர், பணம் எந்த வழியாகப் போனது என்று தேடி எடுத்து, சரிபார்த்து, அதன் பிறகே வாயைத் திறந்தார். குறை சொல்வதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் ஐயா. குறை சொல்ல யாராலும் முடியும். கணக்குக் கேட்க உழைக்க வேண்டும்.

ஈப்போவிலிருந்தே இன்னொரு வழக்கறிஞர், நம் காலத்திலேயே, இதைச் செய்து காட்டினார். 2020இல் மக்களவையின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவரானவர் அப்போதைய ஈப்போ தீமோர் உறுப்பினர் வோங் கா வோ. அவர் எதிர்க்கட்சிக்காரர். குழுவில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் உறுப்பினர்களும் இருந்தார்கள். அதிகாரிகளையும் முன்னாள் அமைச்சர்களையும் கடற்படையினரையும் அழைத்து உட்காரவைத்து விசாரித்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை நாட்டையே உலுக்கியது.

அறிக்கை சொன்னது இதுதான்: கடற்படைக்கு எல்.சி.எஸ். எனப்படும் கரையோரப் போர்க்கப்பல்கள் ஆறு கட்ட ஒப்பந்தம். மதிப்பு 9 பில்லியன் வெள்ளிக்கும் மேல். அதுவரை அரசாங்கம் கொடுத்திருந்தது 6.08 பில்லியன். அட்டவணைப்படி ஐந்து கப்பல்கள் அதற்குள் வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட முடியவில்லை. கப்பலை ஓட்டப்போகிற கடற்படை ஒரு வடிவமைப்பைக் கேட்க, வேறொன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. கொடுத்த பணத்தில் 400 மில்லியன் வெள்ளி, பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போயிருந்தது. பிறகு 2023இல் ஆறு கப்பல்கள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன. செலவோ 11 பில்லியனைத் தாண்டியது.

பில்லியன் என்றால் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. 6.08 பில்லியன் என்பது 608 கோடி வெள்ளி. நாட்டில் உள்ள எல்லாருக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட, பங்கு போட்டால் தலைக்கு ஏறத்தாழ 180 வெள்ளி வரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ 900 வெள்ளி. விடியுமுன் எழுந்து, மோட்டாரில் கோத்தா திங்கி சாலை நெரிசலைக் கடந்து, சிங்கப்பூர் போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பும் நம் பிள்ளைகளின் பங்கும் அதில் உண்டு. "நான் வருமான வரி கட்டுவதில்லையே" என்று சிலர் சொல்வார்கள். உங்கள் கைப்பேசிக் கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கடைசி வரிகளுக்குப் பக்கத்தில் 6 விழுக்காடு சேவை வரி என்று இருக்கும். வரி கட்டாத வீடு நம் தாமானில் ஒன்றுகூட இல்லை.

நம் கோயில் ஆண்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "மின்சாரச் செலவு போன வருஷத்தைவிட ஏன் இவ்வளவு கூடிப்போச்சு, பில்லைக் காட்டுங்க" என்பார். அவரைக் கோயிலுக்கு எதிரி என்று நாம் சொல்வதில்லை. நல்ல பொருளாளராக இருந்தால் கோப்பை எடுத்து நீட்டுவார், விஷயம் முடிந்துவிடும். பின்வரிசைக்காரர் எழுந்து கேட்பார் என்ற எண்ணமே ஆண்டு முழுவதும் கணக்கை ஒழுங்காக வைக்கும். தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

நாட்டுக் கணக்குக்கும் முறையான ஏற்பாடு இருக்கிறது. தலைமைக் கணக்காய்வாளர் கூட்டரசின் கணக்கையும் மாநிலங்களின் கணக்கையும் ஆராய்ந்து அறிக்கை தருகிறார். கூட்டரசு அறிக்கை மக்களவைக்கும், ஜொகூர் அறிக்கை கோத்தா இஸ்கண்டாரில் கூடும் நம் சட்டமன்றத்துக்கும் வர வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2024இல் கணக்காய்வுச் சட்டம் திருத்தப்பட்டு, அரசாங்க உத்தரவாதத்தோடு கடன் வாங்கும் நிறுவனங்களையும் ஆராய வழி பிறந்தது. ஆனாலும் அறிக்கை தானாக எழுந்து பேசாது. அதைப் பக்கம் பக்கமாகப் படித்து, எந்த அமைச்சரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று குறித்துவைத்துக் கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும். 2022 ஜொகூர் தேர்தலில் 56 இடங்களில் தேசிய முன்னணிக்கு 40 கிடைத்தன. எதிர்வரிசைக்குப் போனவர்கள் 16 பேர். எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொருவர் தோளிலும் சுமை கூடுகிறது.

இங்கே நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதியை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? தீபாவளிக்கு எத்தனை பரிசுக்கூடை கொடுத்தார், கோயில் திருவிழாவில் எவ்வளவு பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார் என்பதைக் கொண்டுதான். எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தொகுதி நிதி ஆளுங்கட்சிக்காரருக்குக் கிடைப்பதுபோல் கிடைப்பதில்லை; ஆட்சிக்கு ஆட்சி அது மாறுகிறது. அவரிடம் காசோலை எதிர்பார்த்து ஏமாந்து, "இவர் ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவர் மன்றத்தில் என்ன கேட்டார் என்று ஒரு நாளாவது பார்த்தோமா? மக்களவைப் பேச்சு முழுவதும் எழுத்தாக நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. சீனிவாசகத்தின் காலத்துப் பேச்சுகள்கூட அங்கே கிடைக்கின்றன.

எதிர்க்கட்சி என்பதாலேயே எல்லாரும் சீனிவாசகம் ஆகிவிட மாட்டார்கள். மேசையைத் தட்டுவதும், இனத்தைச் சொல்லி ஏளனம் செய்வதும், காணொளிக்காகக் கத்திவிட்டு வெளிநடப்புச் செய்வதும் நம் பணத்தில் ஒரு காசைக்கூட மீட்காது. ஐயாவின் அலுப்பு இவர்களால் வந்தது என்றால் அது நியாயமான அலுப்பு. அதே நேரத்தில், 2018க்குப் பிறகு இந்த நாட்டில் ஆட்சி பலமுறை கைமாறிவிட்டது. நேற்றுக் கேள்வி கேட்டவர் இன்று அமைச்சர். நேற்று அமைச்சராக இருந்தவர் இன்று கேள்வி கேட்கிறார். 2023இலும் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சியிடமே கொடுக்கப்பட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வழக்கம் நிலைக்க வேண்டும். நமக்குப் பிடித்த கட்சி ஆளும்போது கேட்கப்படும் கேள்வியையும் நாம் அதே மரியாதையோடு கேட்கப் பழக வேண்டும். அதுதான் கடினம், அதுதான் தேவை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் போட்ட சில மாதங்களிலேயே பெயர்ந்த சாலையா, அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கும் வடிகால் திட்டமா, தமிழ்ப்பள்ளிக்கு அறிவித்தும் வந்து சேராத ஒதுக்கீடா, எழுதி அனுப்புங்கள். ஆத்திரத்தை எழுத வேண்டாம். இடம், தேதி, படம், பலகையில் போட்டிருக்கும் தொகை, நீங்கள் ஏற்கெனவே யாரிடம் முறையிட்டீர்கள் என்பது, இவை போதும். நாங்கள் சரிபார்த்து, நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், மன்றத்தில் கேட்கும்படி கொடுப்போம். கொடுத்த தேதியோடு கேள்வியை அடுத்த இதழில் அச்சிடுவோம். பதில் வந்தால் பதிலையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்
உலு திராம்