கேட்டில் நிற்பவரின் டிஸ்சார்ஜ் புக்கைப் படியுங்கள்

மதிப்பிற்குரிய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



மாவட்ட முப்படை வீரர் வாரியத்துக்குத் தாங்கள் தலைவர். மாவட்டத்தில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் தங்கள் மேற்பார்வையில்தான் நடக்கின்றன. இரண்டும் ஒரே மேசைக்கு வருவதால்தான் இந்தக் கடிதம் தங்களுக்கு. முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் பென்ஷன் நிலுவை, பட்டா மாறுதல், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எல்லாம் பேசப்படுகின்றன. வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் கம்பெனிகள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. முப்பத்தெட்டு, நாற்பது வயதில் விமானப்படையிலிருந்து ரிலீஸ் ஆகி வரும் ஒரு ராடார் டெக்னீஷியனுக்கு இந்த இரண்டு இடத்திலும் நாற்காலி இல்லை.

நான் விமானப்படையில் ரேடியோ டெக்னீஷியனாக இருந்தவன். பெங்களூரு ஜாலஹள்ளியில் பயிற்சி, பிறகு வடக்கிலும் கிழக்கிலும் போஸ்டிங், கடைசியாகத் தாம்பரம். இப்போது பொத்தேரியில் குடியிருந்துகொண்டு ஒரு தனியார் நிறுவனத்தில் நெட்வொர்க் பராமரிப்பு பார்க்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது. என் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் 1954 முதல் அங்கேதான் இருக்கிறது. விமான மெக்கானிக்குகளை உருவாக்கும் மெக்கானிக்கல் ட்ரெயினிங் இன்ஸ்டிட்யூட்டும் அங்கேதான். கேன்டீனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கும் பக்கத்தில் இருப்பதால் ஓய்வு பெற்றவர்கள் சேலையூர், மாடம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று இங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிடுகிறார்கள். தரைப்படையின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இ.எம்.இ. (கருவிப் பராமரிப்பு) பிரிவு ஆட்களும் கடற்படை எலக்ட்ரிக்கல் ஆட்களும் அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். இதே சாலையில் சானடோரியம் அருகே மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா ஐ.டி. பார்க், பொத்தேரியை ஒட்டி எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், அப்பால் மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. ஆளும் இங்கே, வேலையும் இங்கே. நடுவில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ரயில் பாதைதான்.

ஆனால் அந்த வளாகங்களில் எங்கள் ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் கேட்டில்தான் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்தவர். மலைப்பகுதியில், விரல் மரத்துப்போகும் குளிரில், அறுந்த ஃபைபர் கேபிளை இணைத்து இரவோடு இரவாக லைனை உயிர்ப்பித்தவர். இன்று ஓர் அலுவலகக் கட்டடத்தின் சர்வர் அறைக்கு வெளியே ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஃபைபர் பிரச்சினை வந்தால் வெளியிலிருந்து கான்ட்ராக்டரின் பையன் வருவான். கதவைத் திறந்துவிடுவது இவர் வேலை. காவல் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. பல குடும்பங்கள் அதில்தான் சாப்பிடுகின்றன. ஆனால் அரசு பல ஆண்டு செலவழித்து உருவாக்கிய ஒரு தொழிலாளியைக் கதவு திறக்க நிறுத்தியிருப்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

படையில் டெக்னீஷியன் வேலை என்றால் என்னவென்று வெளியில் தெரிவதில்லை. விமானத்தில் ஒரு வேலை முடிந்தால் ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் செய்தவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து, தானும் கையெழுத்திட்ட பிறகே பைலட் விமானத்தை எடுப்பார். வேலைக்குக் கொண்டுபோன கருவிகளை எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் கணக்கில் வரவில்லை என்றால், அது கிடைக்கும் வரை அந்த விமானம் பறக்காது. எத்தனை பெரிய அதிகாரி அவசரப்படுத்தினாலும் பறக்காது. யார் எதை எப்போது மாற்றினார், மாற்றியதைச் சோதித்தவர் யார், பழுது வந்தால் எந்தக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கை ஐ.டி. நிறுவனங்கள் இன்று தங்கள் புது ஆட்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கின்றன. எங்கள் ஆளுக்கு அது இருபது ஆண்டுப் பழக்கம். அவருக்குத் தெரியாதது கிளவுட், லினக்ஸ், இன்றைய மென்பொருள் கருவிகள். இவை மாதக்கணக்கில் கற்கக்கூடியவை. கையெழுத்துப் போடும்போது மனத்தில் வரும் பொறுப்பை மாதக்கணக்கில் கற்றுத்தர முடியாது.

பிறகு ஏன் வேலை கிடைப்பதில்லை? பெரும்பாலும் காகிதம்தான் காரணம். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துப் படையில் சேர்ந்தவரிடம் டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. அதில் ட்ரேட், கோர்ஸ், ரேங்க் எல்லாம் படை வழக்கில் எழுதியிருக்கும். கம்பெனியில் விண்ணப்பத்தைப் பார்க்கும் பெண்ணோ பையனோ அதை எப்படிப் படிப்பார்? அவர்கள் முன்னால் இருக்கும் கட்டத்தில் டிகிரி என்று கேட்டிருக்கும். கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அரசு வேலையிலும் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. மெட்ரிக் தேறி 15 ஆண்டு படைப்பணி முடித்தவர், பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று 1986-இலேயே மத்தியப் பணியாளர் துறை ஆணை போட்டது. ஆனால் தொழில்நுட்ப அல்லது தொழில்முறை அனுபவம் கட்டாயமான பதவிகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆக, கிளார்க் வேலைக்கு உதவும் சலுகை, இருபது ஆண்டு ராடார் பார்த்தவருக்கு டெக்னீஷியன் வேலை கேட்கும்போது உதவாமல் போகிறது. இதைத் தாங்கள் மாற்ற முடியாது என்று தெரியும். ஆனால் தனியார் நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்கள் மனம் வைத்தால் போதும்.

மனம் வைத்த நிறுவனம் எங்கோ இல்லை. பொத்தேரிக்குப் பக்கத்து எஸ்டான்சியாவிலேயே இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக, பன்னிரண்டாவதும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைத் தன் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்த்து, பயிற்றுவித்து, வேலைக்கு எடுத்துவருகிறது. பட்டம் இல்லாமல் நல்ல மென்பொருள் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இந்தச் சாலையிலேயே பதில் கிடைத்துவிட்டது. குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்கள் திரும்பி வர ‘மறுபடி’ என்றொரு பயிற்சியையும் அவர்கள் நடத்தினார்கள். பதினெட்டு வயதுக்குத் திறந்த கதவும், இடைவெளி விட்டு வரும் பெண்களுக்குத் திறந்த கதவும், நாற்பது வயது டெக்னீஷியனுக்கும் திறக்க வேண்டும் என்று ஒரு மாவட்ட ஆட்சித் தலைவர் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு இருக்கும். நான் கேட்டால் அது இன்னொரு மின்னஞ்சல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழில்நுட்ப வேலை என்றாலே எல்லோருக்கும் கோடிங்தான் நினைவுக்கு வருகிறது. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுகின்றன. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. அங்கே ஜெனரேட்டர், யு.பி.எஸ்., குளிரூட்டும் இயந்திரம், ஃபைபர், தீயணைப்பு எல்லாம் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு நிமிடம் மின்சாரம் நின்றாலும் எங்கோ ஒரு வங்கி நின்றுபோகும். ஜாம்நகர் ஐ.என்.எஸ். வல்சுராவில் படித்து, போர்க்கப்பலின் மின்சாரத்தை நடுக்கடலில் பார்த்துக்கொண்டவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் வல்லம் வடகாலில் விண்வெளி, பாதுகாப்புத் தொழிலுக்கென்றே பூங்கா அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. அந்தக் கருவிகளைக் கையில் வைத்துப் பழகியவர்களைத்தான் அங்கே முதலில் தேட வேண்டும்.

படைகளுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது. பணியின் கடைசிக் காலத்தில் பயிற்சிகள் தருகிறது. அதிகாரிகள் ஐ.ஐ.எம்.களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புக்குப் போகிறார்கள். ஜவான்களுக்கும் ஏர்மேன்களுக்கும் கட்டணமில்லாமலே பயிற்சி உண்டு. தமிழக அரசு 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தந்திருக்கிறது. அதற்கு நன்றிக்கடன் உண்டு. ஆனாலும் இந்த ஏற்பாடுகளின் பழக்கமான முடிவு செக்யூரிட்டி வேலைதான். ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் தொழில் தொடங்குபவருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் 30 சதவீத மூலதன மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் துணிவு எல்லோருக்கும் வராது. மாதச் சம்பளத்தில் தன் கைத்தொழிலைத் தொடர நினைப்பவர்களே அதிகம்.

அமெரிக்காவில் படைப்பணியின் கடைசி 180 நாட்களுக்குள், ராணுவச் சம்பளம் வாங்கிக்கொண்டே தனியார் நிறுவனத்தில் வேலை பழகலாம். இன்ன ட்ரேடில் இருந்தவர் வெளியில் இன்ன வேலைக்குப் பொருந்துவார் என்ற பட்டியலை அந்நாட்டுத் தொழிலாளர் துறை பொதுவில் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் படையிலிருந்து வெளியேறுபவர்களுக்கென்று தனிப் பயிற்சி தொடங்கியது. இதற்கெல்லாம் நம்மிடம் பணம் இல்லை என்பார்கள். பட்டியல் போடப் பணம் தேவையில்லையே.

அவசரம் ஏன் என்று கேட்டால், அக்னிவீரர்கள். 2022 ஜூனில் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் முதல் அணிகள் பயிற்சிக்குப் போயின. நான்காண்டு முடிந்து 2026 இறுதியிலிருந்து அவர்கள் வெளியே வரும் காலம். திட்டத்தின்படி நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து இருக்க முடியும். மற்றவர்கள் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் திட்ட விதிகளில் கிடையாது. அதாவது, தங்கள் வாரியத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் தானாக ஏறாது. என் போன்றவர்களுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் பென்ஷன் வரும். இருபத்து மூன்று வயதில் டெக்னிக்கல் ட்ரேடிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு வேலை மட்டும்தான் கதி. அவன் வயதுப் பிள்ளைகள் அதற்குள் பொத்தேரியில் பி.டெக். முடித்து கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்கியிருப்பார்கள்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வாரியத்தில் பதிவு செய்துள்ளவர்களின் ட்ரேடு வாரியான பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள்: சிக்னல்ஸ் எத்தனை பேர், ஏவியானிக்ஸ் எத்தனை பேர், எலக்ட்ரிக்கல் எத்தனை பேர். அதில் அக்னிவீரர்களுக்கும் ஒரு பக்கம் திறக்கச் சொல்லுங்கள். மெப்ஸ், எஸ்டான்சியா, மஹிந்திரா சிட்டி, மறைமலை நகர் நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளை ஒருநாள் அழைத்து அந்தப் பட்டியலை அவர்கள் முன் வையுங்கள். அவர்கள் சான்றிதழைக் கேட்க வேண்டாம், தேர்வு வைக்கட்டும். ஃபைபர் இணைக்கச் சொல்லட்டும், பழுதான ஒரு பவர் சப்ளையைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லட்டும், ஒரு நெட்வொர்க்கைப் படம் போட்டு விளக்கச் சொல்லட்டும். தேறாதவரைத் திருப்பி அனுப்பட்டும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. தேறியவருக்கு மூன்று மாதம் புதிய கருவிகளைக் கற்றுக்கொடுக்க, ‘நான் முதல்வன்’ திட்டத்தை நடத்தும் திறன் மேம்பாட்டுக் கழகத்தோடு தாங்கள் பேசலாம். பொத்தேரியில் ஆய்வகங்களுக்குக் குறைவில்லை; கல்லூரி விடுமுறை நாட்களில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை மேலதிகாரியாக ஏற்க முடியாமல் இரண்டே மாதத்தில் வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவில் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னால், பேசிப் பழகாததால் ‘எஸ் சார், நோ சார்’ என்று முடித்துவிட்டு எழுந்து வருகிறார்கள். படையில் தன் வேலையைத் தானே புகழ்வது வழக்கமில்லை. அந்த அடக்கம் வெளியில் திறமையின்மையாகத் தெரிகிறது. ஆரம்பச் சம்பளம் குறைவு என்று கோபப்படுபவர்களும் உண்டு. பென்ஷன் இருக்கும் ஒருவர், கற்கும் காலத்தில் குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இதையெல்லாம் நாங்கள் எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடிநாளன்று தாங்கள் உண்டியலில் முதல் தொகையைப் போட்டு நிதி வசூலைத் தொடங்கிவைக்கிறீர்கள். அந்த வாரத்திலேயே நான் கேட்கும் இந்தத் தேர்வு முகாமையும் பொத்தேரியில் வைக்கலாம்; தாம்பரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து இறங்க வசதியான இடம். செய்முறைத் தேர்வுக்கான தாள்களையும் உபகரணப் பட்டியலையும் எழுதித் தர, வெவ்வேறு ட்ரேடுகளில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் என்னோடு இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளதை நிறுவனங்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வந்து உட்காரவும் தயாராக இருக்கிறோம். எங்களுக்கு ஒரு மேசையும், நிறுவனங்களுக்குத் தங்கள் கையெழுத்துடன் ஓர் அழைப்புக் கடிதமும் வேண்டும்.

இப்படிக்கு,
விமானப்படையின் முன்னாள் ரேடியோ டெக்னீஷியன் ஒருவர்,
பொத்தேரி.