பழுது பார்க்கவும் நேரம் கொடுங்கள்
கல்லூரியில் கிட் வாங்கி ட்ரோன் செய்து, பறக்கவிட்டுப் படமெடுத்து, அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. நான்கு விசிறி ட்ரோனில் படிக்க வேண்டியதெல்லாம் அது கவிழ்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தரையைவிட்டு எழும் நொடியிலேயே குப்புற விழுந்தால், பெரும்பாலும் மோட்டார் கெட்டிருக்காது. மூலைவிட்டத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு மோட்டார்கள் ஒரு திசையிலும், மற்ற இரண்டு எதிர்த்திசையிலும் சுழல வேண்டும்; அப்போதுதான் அவற்றின் திருப்புவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒன்றின் திசை மாறினாலும், விசிறிகளை இடம் மாற்றிப் பொருத்தினாலும் கவிழும். பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும், சுழலும் திசை திரும்பிவிடும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை திருப்புவிசையை ஆயுளுக்கும் மறக்காது. பறக்கும்போது நடுங்குகிறதா? விசிறியின் விளிம்பில் சிறு விரிசல் உண்டா என்று முதலில் பாருங்கள். அதனால் வரும் அதிர்வே ஜைரோ உணரியைக் குழப்பிவிடும். பழுது தேட நேரம் ஒதுக்காத பயிற்சி அரைப் பயிற்சிதான். ஆசிரியர்களே, மல்டிமீட்டரை மாணவர் கையில் கொடுங்கள். மோட்டாரைச் சோதிக்கும் முன் விசிறிகளைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.